சிவப்புப் பந்துச் சாலையின் சார்ஜன்ட்கள்

1944 ஆகஸ்ட் மாதக் கடைசியில் பிரான்சில் இருந்த அமெரிக்கப் படைகளுக்கு ஏற்பட்ட நெருக்கடி விசித்திரமானது. எதிரி பின்வாங்கிக்கொண்டிருந்தான், படைகள் விரைந்து முன்னேறிக்கொண்டிருந்தன, அந்த முன்னேற்றமே அவற்றின் தொண்டையை நெரித்தது. ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கிய படைகள் ஏழு வாரங்கள் புதர்வேலிகளுக்கிடையே அடி அடியாகத்தான் நகர முடிந்தது. ஜூலைக் கடைசியில் சென்-லோ நகருக்கருகே ஜெர்மானியரின் அரண் உடைந்தது. அதன்பின் ஒரே மாதத்தில் அவை செய்ன் நதியை எட்டிவிட்டன. ஆகஸ்ட் 25 அன்று பாரிஸ் விடுதலை பெற்றது. ஆனால் பீரங்கிகளுக்கு வேண்டிய குண்டுகளும் டாங்கிகளுக்கு வேண்டிய பெட்ரோலும் வீரர்களுக்கு வேண்டிய உணவும் இன்னும் நார்மண்டிக் கடற்கரையிலும் ஷெர்பூர் துறைமுகத்திலுமே குவிந்து கிடந்தன. அவற்றைச் சுமந்துவர ரயில் பாதை இல்லை. ஜெர்மானியர் பயன்படுத்தக் கூடாது என்று பிரான்சின் தண்டவாளங்களையும் பாலங்களையும் தரையிறக்கத்துக்கு முன்பே குண்டு வீசித் தகர்த்தவர்கள் நேச நாட்டாரே.

பாரிஸ் விடுதலை பெற்ற அதே நாளில் ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் ஒரு லாரிப் போக்குவரத்து தொடங்கப்பட்டது. அமெரிக்க ரயில்வேயில் அவசரச் சரக்கைச் ‘சிவப்புப் பந்து’ என்று குறித்து முன்னுரிமை கொடுத்து அனுப்புவார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. சென்-லோவிலிருந்து சார்த்ர் வரை இரண்டு சாலைகள் ஒதுக்கப்பட்டன. வடக்குச் சாலையில் சுமையோடு போக வேண்டும். தெற்குச் சாலையில் வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். பொதுமக்களின் வண்டிகளுக்கு இரண்டிலும் இடமில்லை. நான்கே நாட்களில், ஆகஸ்ட் 29 அன்று, 132 கம்பெனிகளைச் சேர்ந்த 5,958 வண்டிகள் 12,342 டன் சரக்கைக் கொண்டு சேர்த்தன. போர்முனை கிழக்கே நகர நகரச் சாலையும் நீண்டது. சில வாரங்களில் போய்வரும் தூரம் ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கியது. நவம்பர் 16 அன்று இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தபோது அது சுமந்த மொத்தச் சரக்கு 4,12,000 டன்னுக்கு மேல்.

இந்த எண்கள் போர் வரலாற்று நூல்களில் எளிதில் கிடைக்கும். நாம் இங்கே பேச விரும்புவது அந்த எண்களைத் தாங்கி நின்ற ஒரு பதவியைப் பற்றி. சார்ஜன்ட் என்பவர் இந்திய இராணுவத்தின் ஹவில்தாருக்கு இணையானவர். கைச்சட்டையில் மூன்று பட்டைகள் அணிந்தவர். ஒரு லாரிக் கம்பெனியில் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான வண்டிகள் இருக்கும். எங்கே போக வேண்டும், எத்தனை டன் ஏற்ற வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிடுவார். எந்த வண்டியை அனுப்புவது, எந்த ஓட்டுநரை அனுப்புவது, அந்த வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா, அந்த மனிதன் விழித்திருக்கும் நிலையில் இருக்கிறானா, போனவன் ஏன் திரும்பவில்லை என்ற கேள்விகளெல்லாம் சார்ஜன்ட்டைச் சேர்ந்தவை.

வண்டி பெரும்பாலும் ஜி.எம்.சி. நிறுவனத்தின் இரண்டரை டன் லாரி. சிப்பாய்கள் அதைச் செல்லமாக ‘ஜிம்மி’ என்று அழைத்தார்கள். பத்து டயர்கள் கொண்ட அந்த வண்டி புறப்படுமுன் ஓட்டுநர் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், டயர் காற்று, பேட்டரி, பிரேக், சக்கர நட்டு, விளக்கு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். நிறுத்தங்களில் மீண்டும் ஒருமுறை. திரும்பி வந்தபின் இன்னொருமுறை. ஓட்டுநர் பார்த்தாரா என்று பார்ப்பது சார்ஜன்ட்டின் வேலை. ‘பார்த்தேன்’ என்ற சொல்லை நம்பி அனுப்பிய வண்டி இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பேரிங் உருகி நின்றால் அங்கே உதவிக்கு யாரும் இல்லை. ஆகவே அவர் தாமே குனிந்து ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார், நட்டில் கை வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு பயணத்துக்கும் ட்ரிப் டிக்கெட் உண்டு. புறப்பட்ட நேரம், மீட்டர் எண், சுமை, திரும்பிய நேரம், வண்டியில் கண்ட பழுது என எல்லாம் அதில் ஏறும். நம் ஊர் லாரி அலுவலகங்களில் இன்றும் இதே போன்ற தாளைப் பார்க்கலாம்.

பயிற்சி அளிப்பதும் அவர் பொறுப்பே. சேனையில் சேருமுன் ஸ்டியரிங்கைத் தொட்டே அறியாத இளைஞர்கள் அவரிடம் வந்தார்கள். கியர் மாற்றும்போது கிளட்ச்சை இருமுறை மிதிப்பது, சுமை வண்டியை ரிவர்ஸ் எடுப்பது, சேற்றில் சிக்கினால் என்ன செய்வது, இரவில் பூனைக்கண் போன்ற சிறு விளக்கின் மங்கலில் முன் வண்டியைத் தொடர்வது என எல்லாவற்றையும் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கற்றுக்கொடுத்தார். இதற்கெனச் சேனை ‘ஆர்மி மோட்டார்ஸ்’ என்றொரு இதழை நடத்தியது. அதில் வில் ஐஸ்னர் என்ற சித்திரக்கதைக் கலைஞர் ஜோ டோப் என்ற அசட்டுச் சிப்பாயைப் படைத்தார்; அவன் வண்டியைப் பாழாக்கும் விதங்களைக் கண்டு சிரித்தபடியே படிப்பவர்கள் பராமரிப்பைக் கற்றுக்கொண்டார்கள். தடித்த கையேடுகளைப் பிரித்துப் பார்க்காதவர்களும் இதைப் படித்தார்கள் என்பதில் வியப்பில்லை.

ஆனால் 1944 ஆகஸ்ட்டில் நிதானமான பயிற்சிக்கு நேரமில்லை. புதிதாக வந்திறங்கிய மூன்று காலாட்படை டிவிஷன்களின் லாரிகளைப் பறித்து, தற்காலிகக் கம்பெனிகள் அமைக்கப்பட்டன. வண்டி ஒன்றுக்கு இரு ஓட்டுநர்கள் வேண்டியிருந்ததால் வேறு வேலைகளில் இருந்தவர்களும் அழைத்து வரப்பட்டார்கள். முகாமில் வாரக்கணக்கில் சொல்லித்தர வேண்டியவற்றைச் சார்ஜன்ட்கள் ஓடும் வண்டியில் சொல்லித்தர வேண்டியதாயிற்று.

சாலைக்கென விதிகள் இருந்தன. மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர், வேகத்தைத் தாண்டக் கூடாது. ஐந்துக்குக் குறையாத வண்டிகள் ஓர் அணியாகச் செல்ல வேண்டும். வண்டிக்கு வண்டி 60 கஜம் இடைவெளி. முன்னும் பின்னும் ஜீப். குறித்த நேரங்களில் சாலை முழுவதும் எல்லா வண்டிகளும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. உண்மையில் நடந்தது வேறு. வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ‘கவர்னர்’ கருவியை ஓட்டுநர்கள் கழற்றிவிட்டு, சோதனை வரும்போது மீண்டும் மாட்டினார்கள். இரண்டரை டன் வண்டியில் ஐந்து டன் ஏற்றுவது வழக்கமாயிற்று. தூக்கம் தாங்காமல், வண்டியை நிறுத்தாமலேயே இரு ஓட்டுநர்களும் இடம் மாறி அமர்ந்ததாக அவர்களே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

இவை சார்ஜன்ட்டுக்குத் தெரியாமல் நடந்திருக்க முடியாது என்பதே நம் கருத்து. மேலே இருந்தவர்கள் டன் கணக்கைக் கேட்டார்கள். விதி மீறப்படுவதைக் குறித்து அதிகம் கேட்கவில்லை. விதியைப் பிடித்தால் போர்முனையில் ஒரு பீரங்கி குண்டின்றி நிற்கும். விட்டால் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கவிழ்ந்த வண்டியின் அடியில் கிடப்பான். நம் வழக்கில் அமானிதம் என்போமே, அப்படி அவர் கையில் ஒப்படைக்கப்பட்டவை வண்டியும் சரக்கும் மட்டும் என்று படிவங்கள் சொல்லும். வண்டியில் அமர்ந்திருந்த இருவரும் அந்த அமானிதத்தில் சேர்ந்தவர்களே என்று கருதிய சார்ஜன்ட், கண்கள் சிவந்து திரும்பிய ஓட்டுநரை உடனே மறு பயணத்துக்கு அனுப்ப மறுத்து, அதற்கான ஏச்சைத் தாமே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஏச்சுக்குப் பதக்கம் இல்லை.

வண்டிகளும் தாங்கவில்லை. சிப்பாய்கள் உண்டு எறிந்த உணவு டின்களின் கூரிய விளிம்புகள் டயர்களைக் கிழித்தன. அதிகச் சுமையால் ஸ்பிரிங் பட்டைகள் முறிந்தன. இந்தப் போக்குவரத்துக்கே நாளொன்றுக்கு 3,00,000 கேலனுக்கு மேல், நம் கணக்கில் 11 இலட்சம் லிட்டருக்கு மேல், பெட்ரோல் செலவாயிற்று. பெட்ரோலைச் சுமக்கும் வண்டிகளே பெட்ரோலைக் குடித்தன. தூரம் நீள நீள இந்தக் கணக்கு மேலும் மோசமாயிற்று. துறைமுகங்களும் ரயில் பாதைகளும் சீராகும் வரை வேறு வழி இருக்கவில்லை.

இந்த ஓட்டுநர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின அமெரிக்கர்கள். அன்றைய அமெரிக்கச் சேனை வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருந்தது. கறுப்பினத்தவருக்குப் போரிடும் துணிவோ திறனோ போதாது என்ற எண்ணத்தில் அவர்களைப் பெரும்பாலும் சுமை தூக்கவும், சாலை போடவும், லாரி ஓட்டவும் அனுப்பினார்கள். அத்தகைய கம்பெனிகளில் கேப்டன் பெரும்பாலும் வெள்ளையராக இருப்பார். சார்ஜன்ட் கறுப்பினத்தவராக இருப்பார். ஆகவே ஒரு கறுப்பின இளைஞனுக்குச் சேனையில் எட்டக்கூடிய உயரம் பெரும்பாலும் அந்தப் பட்டைகளோடு நின்றது. அதை எட்டியவர்கள் எளிதில் எட்டவில்லை.

அவர்கள் எத்தகைய நாட்டிலிருந்து போருக்கு வந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று போதும். 1944 ஏப்ரலில் சேனையின் ‘யாங்க்’ வார இதழில் ரூபர்ட் டிரிம்மிங்ஹாம் என்ற கறுப்பினக் கார்ப்பொரல் எழுதிய கடிதம் வெளியானது. தென் மாநிலம் ஒன்றின் ரயில் நிலைய உணவகத்தில் அவரையும் அவர் தோழர்களையும் சமையலறைப் பக்கம் போய்ச் சாப்பிடச் சொன்னார்கள். அதே வேளையில் ஜெர்மானியப் போர்க் கைதிகள் காவலர்களோடு முன் கதவால் நுழைந்து, மேசையில் அமர்ந்து, சிரித்துப் பேசி உண்டார்கள். தாம் யாருக்காகப் போரிடுகிறோம் என்று அவர் கேட்டிருந்தார். வெள்ளைச் சிப்பாய்கள் பலரும் அவருக்கு ஆதரவாக அந்த இதழுக்கு எழுதினார்கள் என்பதையும் சொல்வதே நியாயம்.

1952இல் ஹாலிவுட் ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரிலேயே ஒரு படம் எடுத்தது. கதாநாயகன் வெள்ளை லெப்டினன்ட். சிட்னி பாய்ட்டியருக்கு அதில் ஒரு துணை வேடம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பிளட்டூனில் கலந்து வண்டி ஓட்டுவதாகப் படம் காட்டியது; 1944இல் அப்படி இருக்கவில்லை. படம் பார்த்தவர்கள் எதைத் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

படம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. 1944 டிசம்பர் 16 அன்று ஆர்டென் காடுகளில் ஜெர்மானியர் திடீர்த் தாக்குதல் நடத்தினார்கள். காலாட்படையில் ஆள் பற்றாக்குறை கடுமையானது. லெப்டினன்ட் ஜெனரல் ஜான் லீ, லாரிக் கம்பெனிகள் உள்ளிட்ட பின்புலப் பிரிவுகளில் இருந்த கறுப்பினத்தவரைக் காலாட்படைக்கு முன்வருமாறு அழைத்தார். நான்காயிரத்துக்கும் அதிகமானோர் பெயர் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்று இருந்தது: சார்ஜன்ட்களும் கார்ப்பொரல்களும் தம் பட்டைகளைத் துறந்து சாதாரணச் சிப்பாய்களாக வர வேண்டும். வெள்ளையருக்குக் கறுப்பினத்தவர் கட்டளையிடும் நிலை வந்துவிடக் கூடாது என்பதே இதன் உட்பொருள். ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற பட்டைகளைப் பலர் தாமே துறந்தார்கள். சம்பளம் குறைந்தது, நேற்று வரை தாம் பயிற்சி அளித்த இளைஞர்களோடு ஒரே வரிசையில் நின்று துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். 2,200க்கும் மேற்பட்டோர் பயிற்சி முடித்து, வெள்ளை அதிகாரிகளும் வெள்ளை சார்ஜன்ட்களும் நடத்திய பிளட்டூன்களில் ரைன் நதிக் கரைக்கும் அதற்கப்பாலும் சென்று போரிட்டார்கள்.

1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் ஓய்ந்ததும் அந்தப் பிளட்டூன்கள் கலைக்கப்பட்டன. அவற்றில் இருந்தவர்களுள் பலர் மீண்டும் கறுப்பினத்தவருக்கான தனிப்பிரிவுகளுக்கே அனுப்பப்பட்டார்கள். சேனையில் எல்லா இனத்தவரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலை 26 அன்று. சிவப்புப் பந்துச் சாலையின் கடைசி லாரி ஓடி முடித்து அப்போது மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.