குற்றாலம் படகுச் சவாரியும் மதுச் சட்டங்களும்

தென்காசி, செங்கோட்டை, ஆய்க்குடி வட்டாரத்தில் உல்லாசப் படகுச் சவாரிக்கு அறியப்பட்ட இடம் குற்றாலத்தில் ஐந்தருவி செல்லும் சாலையிலுள்ள வெண்ணமடைக் குளம். சாரல் பருவத்தில் குளம் நிரம்பியதும் இங்குள்ள படகு குழாம் இயங்கத் தொடங்கும். மிதிபடகில் தனியே படகோட்டி கிடையாது. ஏறி அமரும் பயணியே அதை இயக்குகிறார். ஆகவே, குடித்தவர் படகை இயக்கலாமா என்ற கேள்வி இங்கு சுற்றுலா வந்தவரையே நேராகச் சேர்கிறது. இதற்குச் சட்டம் தந்த விடை காலத்துக்குக் காலம் மாறியுள்ளது.

மதுவிலக்குக் காலம்

இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. 1948இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. குற்றாலம் அதற்குள் அடங்கியது. அருகிலிருந்த செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மதுவிலக்குக் காலத்தில் உரிமம் இன்றிக் குடிப்பதே குற்றம் என்பதால், படகுக்கென்று தனி விதி வேண்டியிருக்கவில்லை.

1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. குடிப்பது குற்றம் என்ற நிலை நீங்கியபின், குடித்துவிட்டு எதைச் செய்யக்கூடாது என்பதைத் தனித்தனியே வரையறுக்க வேண்டியதாயிற்று.

சாலையும் நீரும்

சாலைக்கு அந்த வரையறை கிடைத்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 1994 திருத்தத்துக்குப் பின், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பதைக் குற்றமாக்குகிறது. மூச்சுச் சோதனைக் கருவியால் அது அளக்கப்படுகிறது. ஆனால் அச்சட்டம் சாலையில் ஓடும் வாகனங்களுக்கு உரியது; குளத்துப் படகு அதில் அடங்காது.

நீரில் நெடுங்காலம் துணை நின்றது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 280ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி கலத்தை அசட்டையாகவோ கவனக்குறைவாகவோ செலுத்துவதைத் தண்டித்தது. 282ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய கலத்தில் கூலிக்கு ஆள் ஏற்றுவதைத் தண்டித்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 282, 284ஆம் பிரிவுகள் இவற்றின் இடத்தில் உள்ளன. இப்பிரிவுகளில் மது என்ற சொல்லோ ஆல்கஹால் அளவோ இல்லை. படகைச் செலுத்திய விதம் ஆபத்தானது என்று காட்டினால்தான் குற்றம் நிலைக்கும். சாலையிலோ அளவு மீறியதே போதும்.

விபத்துகள் தந்த கவனம்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் 22 பேர் இறந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் ஆள் எண்ணிக்கையும் உயிர்காப்பு உடையுமே பெரிதும் பேசப்பட்டன. மதுவின் தீங்கு வேறு வகையானது. அது உடலின் சமநிலையையும் முடிவெடுக்கும் திறனையும் குறைக்கிறது. சிறு படகில் ஒருவர் திடீரென எழுந்தாலே படகு சாயும். குடித்தவர் நீரில் விழுந்தால் தன்னைக் காத்துக்கொள்வதும் கடினம்.

பிற நாடுகள்

அமெரிக்காவில் 1984 முதல் போதையில் படகு இயக்குவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உல்லாசப் படகுக்கு இன்றைய வரம்பு 0.08 விழுக்காடு. பிரிட்டன் 2003இல் சட்டம் இயற்றி, தொழில்முறை மாலுமிகளுக்கு அதை நடைமுறைப்படுத்தியது; உல்லாசப் படகோட்டிகளுக்கான பிரிவைப் பல ஆண்டுகளாகியும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

குற்றாலம் போன்ற பருவகாலப் படகு குழாமில் குடித்தவரைத் தடுக்கும் முதல் இடம் நுழைவுச்சீட்டுச் சாளரமே. அங்கு அமர்ந்திருப்பவர் ஒருவரை மறுக்கும்போது காட்டுவதற்கு, சாலைக் காவலரிடம் இருப்பது போன்ற ஓர் எண் அவரிடம் இல்லை.