தறியும் கால்வாயும் அணுவும்: சதுரங்கப்பட்டினக் கரையின் நான்கு நூற்றாண்டுகள்

நம் நாட்டில் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் மரத்தையோ ஏரியையோ கோயிலையோ, ஆண்டு மறைந்த மன்னனையோ சுட்டி நிற்பவை. திருக்கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்லும்போது எதிர்ப்படும் ஓர் ஊரின் பெயர் இவற்றுள் எதிலும் அடங்காது. அது அணுபுரம். கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தில் பணிபுரிவோருக்காக அணுசக்தித் துறை அமைத்த இந்தக் குடியிருப்பின் பெயரே ஒரு தொழில்நுட்பத்தின் பெயராக இருக்கிறது. ஓர் அறிவியல் கண்டுபிடிப்பு மக்களின் வாழ்விடத்திற்கே பெயராகி நிற்பது தமிழகத்தில் அரிதான செய்தி.

எனினும், இந்தக் கரைக்குத் தொழில்நுட்பம் அணுவோடு வந்ததாகக் கருதினால் நாம் வரலாற்றைப் பாதியில் படிக்கத் தொடங்கியவர்களாவோம். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நீளும் இந்தக் குறுகிய மணற்கரை, குறைந்தது நான்கு நூற்றாண்டுகளாகத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு ஒன்றை மாற்றி ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. முதலில் துணி, பின்னர் விறகும் உப்பும், அதன்பின் மின்சாரம், இப்போது குடிநீர். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய நுட்பமே அதற்கு வழி திறந்தது. அந்த நுட்பம் இடம் மாறியபோதும் பழமைப்பட்டபோதும் இக்கரை மக்களுக்கு எஞ்சியது என்ன என்பதே ஈண்டு நாம் எழுப்ப விரும்பும் வினா.

தறியின் காலம்

சோழமண்டலக் கரையின் தென்பகுதியை அரபு வணிகர்கள் ‘மஃபர்’, அதாவது கடந்து செல்லும் இடம், என்று அழைத்தனர். பருவக்காற்றின் போக்கையும் விண்மீன்களின் உயரத்தையும் அளந்து கலம் செலுத்திய கடலோடிகள் இந்தத் துறைகளை நன்கு அறிந்திருந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித், இந்துமாக்கடல் வழிகளைப் பற்றி விரிவான நூல்கள் எழுதியவர். விரலின் அகலத்தை அலகாகக் கொண்டு விண்மீனின் உயரத்தைக் கணக்கிடும் முறை அவர் காலத்து மாலுமிகளிடம் வழக்கில் இருந்தது. அவ்வழியே இக்கரையிலிருந்து ஏறிய சரக்குகளுள் தலையாயது பருத்தித் துணி. மலாக்காவிலும் அச்சேயிலும் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாக ஏற்கப்பட்டது வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலத் துணியே எனலாம். தமிழ் முஸ்லிம் வணிகர்களும் இந்த வாணிகத்தில் பெரும்பங்கு கொண்டிருந்தனர்.

இதே வாணிகத்தைத் தேடியே டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திற்கு வந்தனர். ஐரோப்பியர் நாவில் ‘சட்ராஸ்’ எனத் திரிந்த இவ்வூர் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்றது. மஸ்லின் என்ற சொல்லே இராக்கின் மோசூல் நகரின் பெயரிலிருந்து பிறந்தது என்பது நினைவுகூரத்தக்கது. டச்சுக்காரர்கள் கட்டிய செங்கற் கோட்டையும், அதனுள் செதுக்கு வேலைப்பாடு மிக்க கல்லறைக் கற்களும் இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

அந்நாளில் உயர்தொழில்நுட்பம் எனப்பட்டது எது? கடுக்காயும் பாலும் ஊட்டிப் பதப்படுத்திய துணியில், படிகாரத்தின் துணையால் சாயவேரின் சிவப்பை நூலோடு பிணைத்து, துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் மங்காதபடி செய்யும் அறிவே அது. அப்படியொரு சாயம் ஐரோப்பியருக்குக் கைவரவில்லை. 1742-இல் பிரெஞ்சுப் பாதிரியார் கோர்தூ, இக்கரைச் சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையைப் படிப்படியாகக் கடிதத்தில் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு, ஒரு கடிதத்தில் கடல் கடந்தது. அதை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்க்கு ஏன் தோன்றவில்லை என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இங்கிலாந்து இந்தியத் துணியோடு முதலில் போரிட்டது பொறியைக் கொண்டன்று, சட்டத்தைக் கொண்டே. 1700-லும் 1721-லும் இயற்றப்பட்ட சட்டங்கள் அச்சிட்ட பருத்தித் துணிகளின் வரவையும் பயன்பாட்டையும் தடுத்தன. அந்தத் தடையின் நிழலில் வளர்ந்த பொறிகள் பின்னர் வந்தன. 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் உருவாக்கிய நூற்புப் பொறி, மஸ்லினுக்குத் தேவையான நுண்ணிய நூலை ஆலையிலேயே நூற்க வகை செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் இக்கரையின் ஏற்றுமதி வாணிகம் வீழ்ந்தது. சதுரங்கப்பட்டினத்தின் எதிரே 1782 பிப்ரவரி 17-இல் ஆங்கிலேயக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் மோதிக்கொண்டன. 1825-இல் டச்சுக்காரர்கள் தம் சோழமண்டலக் குடியிருப்புகளை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து நீங்கினர். பீரங்கிகள் செய்த அழிவைவிட நூற்புப் பொறி செய்த மாற்றமே நெசவாளரின் இல்லத்தில் ஆழமாக இறங்கியது. கோவளத்தின் நிலையும் வேறன்று. கர்நாடக நவாபுகளின் ஆட்சியில் துறைமுகமாக விளங்கிய அவ்வூரின் கோட்டை 1752-இல் ராபர்ட் கிளைவின் படையிடம் வீழ்ந்தது. துறைமுகப் பெருமை மறைந்த பின்னும் தமீம் அன்சாரி தர்காவை நாடி மக்கள் இன்றும் அங்கு வருகின்றனர்.

கால்வாயின் காலம்

துணி போன பின் இக்கரை சென்னைக்கு அனுப்பியது விறகும் உப்பும். அதற்கு வழி அமைத்தது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் பேசில் காக்ரேன் என்பவரின் முதலீட்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட சிறு கால்வாயே இதன் தொடக்கம். கடலோரக் கழிகளை இணைத்து இணைத்து, வடக்கே கிருஷ்ணை ஆற்றின் கழிமுகம் வரையிலும் தெற்கே சுமார் 103 கிலோமீட்டர் தொலைவில் மரக்காணம் வரையிலும் அது நீண்டது. 1877-78 பெரும்பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878-இல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண்ணைச் சுமந்த பசித்த மக்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

கழியும் கடலும் ஏறியிறங்கும் நீர்மட்டத்தை அடைப்புக் கதவுகள் கட்டுப்படுத்தின. படகுகளைச் சில இடங்களில் பாய் விரித்தும், சில இடங்களில் கழி ஊன்றியும், காற்றில்லாதபோது கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் செலுத்தினர். சவுக்கு விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் ஆகியவை இவ்வாறு நகரம் சேர்ந்தன. கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு நகரத்தின் அடுப்பே காரணம். விறகு மண்டி, படகுத் தொழில், தோப்புக் குத்தகை என ஒரு முழு வாணிக ஒழுங்கு அந்தக் கால்வாயைச் சார்ந்து வாழ்ந்தது.

அது மறைந்ததும் ஒரே நாளிலன்று. சரக்குந்து சாலைக்கு வந்தது. மண்ணெண்ணெயும் பின்னர் எரிவாயுவும் சமையலறைக்குள் நுழைந்தன. 1960-களிலும் 1976-இலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தபோது, அதைச் செப்பனிட வேண்டும் என்ற அவசரம் எவருக்கும் இல்லை. சென்னைக்குள் அதன் படுகையிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டன. ஆயினும், 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பாய்ந்தபோது, பல இடங்களில் அலையின் நீரை உள்வாங்கி உட்பகுதிகளைக் காத்தது இந்தக் கைவிடப்பட்ட கால்வாயே. 2008-இல் இது தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பழமைப்பட்ட தொழில்நுட்பம் பயனற்றது என்று முடிவு கட்டுவதில் நாம் எவ்வளவு அவசரப்படுகிறோம் என்பதற்கு இது சான்று.

அணுவின் காலம்

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் பணிகள் தொடங்கிச் சில ஆண்டுகளில், 1974-ஆம் ஆண்டின் பொக்ரான் சோதனையை அடுத்து வெளிநாட்டு உதவிகள் நின்றன. கருவிகளையும் பாகங்களையும் உள்நாட்டிலேயே செய்யவேண்டிய நிலை ஏற்பட்டது. காலம் நீண்டது, ஆனால் கைத்திறன் வளர்ந்தது. முதல் உலை 1983-இல் இயக்கநிலையை எட்டியது; இரண்டாவது 1985-இல். இந்தியர்களே வடிவமைத்துக் கட்டிய முதல் அணுமின் நிலையம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

அருகிலேயே 1971-இல் தொடங்கப்பட்ட உலை ஆராய்ச்சி மையம், 1985-இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாறியது. அங்குள்ள வேக ஈனுலை 1985 அக்டோபர் 18-இல் இயங்கத் தொடங்கியது. அதன் மூல வடிவமைப்பு பிரான்சிலிருந்து பெறப்பட்டது. செறிவூட்டிய யுரேனியம் மட்டும் கிடைக்கவில்லை. எனவே யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை நம் அறிவியலாளர்களே உருவாக்கினர். இரு நூற்றாண்டுகளுக்கு முன் இக்கரையின் சாய அறிவை ஒரு பிரெஞ்சுக் கடிதம் எடுத்துச் சென்றது. இம்முறை பிரான்சிலிருந்து வந்த அறிவை இக்கரை வாங்கித் தன்வயமாக்கிக் கொண்டது. 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் கதை பொறுமையின் கதை. 2004-இல் தொடங்கிய அதன் பணி, எரிபொருள் நிரப்பத் தொடங்கும் கட்டத்தை 2024 மார்ச்சில்தான் எட்டியது. பணி தொடங்கிய சில மாதங்களிலேயே ஆழிப்பேரலை அதன் அடித்தளக் குழியை நீரால் நிரப்பியதும், இயங்கிக்கொண்டிருந்த மின்னுலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டதும் இக்கரையின் நினைவில் உள்ளவை.

அணு தந்தது மின்சாரம் மட்டுமன்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கற்றோர் இங்கே குடியேறினர், மையப்பள்ளிகள் வந்தன, அவர்களைச் சார்ந்து கடைவீதிகள் தோன்றின. மறுபுறம், உலையைச் சுற்றிய முதல் வட்டத்தில் குடியிருப்பே கூடாது. அதற்கப்பால் ஐந்து கிலோமீட்டர் வரை இயல்பான வளர்ச்சிக்கு மேல் மக்கள்தொகை பெருக இடந்தரலாகாது என்பது அணுமின் நிலையங்களுக்கான விதி. பாதுகாப்பின் பொருட்டு அமைந்த இந்த விதி, சதுரங்கப்பட்டினம் போன்ற பழைய துறைமுகம் மீண்டும் ஒரு வணிக நகராக எழுவதற்கு ஓர் எல்லைக்கோடாகவும் இருக்கிறது. நாடு பெறும் ஒளிக்கு, அருகிலிருக்கும் ஊர் செலுத்தும் விலை இது.

நீரின் காலம்

2002-இல் கல்பாக்கத்தில் நாளொன்றுக்கு 18 லட்சம் லிட்டர் கடல்நீரைச் சவ்வூடு பரவல் முறையில் நன்னீராக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. பின்னர், அணுமின் நிலையத்தின் நீராவி வெப்பத்தைக் கொண்டு 45 லட்சம் லிட்டரை வடித்தெடுக்கும் பிரிவும் சேர்ந்தது. வடித்தெடுக்கும் கலையை நுணுக்கமாக வளர்த்த அரபு வேதியியலாளர்களின் ‘அல்-அன்பீக்’ என்னும் வாலையின் நீண்ட வழித்தோன்றல் இது எனக் கூறினால் மிகையன்று. சற்று வடக்கே நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலையும், 2024-இல் 15 கோடி லிட்டர் ஆலையும் திறக்கப்பட்டன. முன்பு விறகு சென்ற அதே திசையில் இப்போது சென்னைக்கு நீர் செல்கிறது.

நீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்னும் கருத்து இஸ்லாமியச் சட்ட மரபில் நன்கு அறியப்பட்டது. அதனை விரித்துரைத்த அறிஞர்கள், இயற்கையின் கொடையை உழைப்பால் மாற்றியவருக்கு உரிமை உண்டு என்பதையும், அண்டை அயலாரின் தாகம் முந்துரிமை உடையது என்பதையும் ஒருங்கே வைத்துச் சிந்தித்தனர். ஹாரூன் அல்-ரஷீதின் துணைவி ஸுபைதா மக்காவுக்கு வெட்டுவித்த கால்வாய் இன்றும் நினைக்கப்படுவதற்குக் காரணம், அந்நீர் யாரைச் சென்றடைந்தது என்பதே. இக்கரையின் மின்சாரத்தையும் நீரையும் அளக்கும்போது மெகாவாட்டும் லிட்டரும் போதா. கரையோரக் குப்பத்தின் குழாயையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இந்த நான்கு காலங்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில் ஒரு செய்தி தெளிவாகிறது. பொருளை மட்டும் அனுப்பிய காலங்களில், வாங்குவோரின் தேவை மாறியவுடன் இக்கரை வெறுமையுற்றது. அறிவைத் தன்னிடம் வைத்துக்கொண்ட காலத்தில் தடைகளும் அதற்கு ஊக்கமாயின. சாயக்காரரின் அறிவை எழுதிவைக்கத் தவறிய பிழையை நாம் மீண்டும் செய்தல் ஆகாது. டச்சுக்காரர்கள் சோழமண்டலத்தில் எழுதிய ஆவணங்களுள் ஒரு பகுதி சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது. கால்வாயில் படகு செலுத்திய தலைமுறையின் நினைவுகள் முதியோர் சிலரிடம் இன்னும் எஞ்சியிருக்கலாம். ஆவணங்கள் காத்திருக்கும்; முதியோர் காத்திரார். நம் இளைய ஆய்வாளர்கள் முதலில் செல்லவேண்டியது கால்வாய்க் கரைக்கே.