கொழுகொழு குட்டியும் கோணல் காலும்!

எங்கள் தெருவுக்கு ஒரு லாப்ரடார் குட்டி வந்தது. 'எவ்வளவு போட்டாலும் சாப்பிடுது ஸார்!' என்று அதன் சொந்தக்காரருக்கு ஒரே பெருமை. பால், முட்டை, கறிச்சோறு... போதாக்குறைக்கு கால்சியம் டானிக் வேறு. 'எலும்பு ஸ்ட்ராங் ஆகட்டுமே!' ஆறு மாதத்தில் குட்டி உருண்டு திரண்டு நின்றது. ஆனால், மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் கீழேயே உட்கார்ந்துவிடும்.

வளர்கிற குட்டிக்கு எதை, எவ்வளவு போடுவது? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் நம் குழந்தைகளின் கதையும் உண்டு!

1889. லண்டன் மிருகக்காட்சி சாலையில் சிங்கக்குட்டிகள் கால் வளைந்து, நிற்க முடியாமல் செத்துக்கொண்டிருந்தன. ராஜ உபசாரம்தான், தினமும் கொழுப்பில்லாத குதிரைக்கறி! பிளாண்ட் சட்டன் என்ற டாக்டர் வந்து பார்த்தார். நொறுக்கிய எலும்பு, பால், காட் என்ற மீனின் ஈரல் எண்ணெய் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். சில மாதங்களில் குட்டிகள் எழுந்து நடந்தன. ஏன் நடந்தன? அவருக்கே தெரியாது.

சிங்கத்துக்கு வந்த அதே நோய், ரிக்கெட்ஸ், அன்றைய பிரிட்டிஷ் தொழில் நகரங்களின் ஏழைக் குழந்தைகளையும் பிடித்து ஆட்டியது. வளைந்த கால், பெருத்த மணிக்கட்டு. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கிளாஸ்கோவில் ஃபிண்ட்லே என்ற மருத்துவர் 1908-ல் நாய்க்குட்டிகளை அடைத்து வைத்துப் பார்த்தார். கால்கள் வளைந்தன. 'ஓடியாட இடமில்லாததுதான் காரணம்' என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

லண்டனில் எட்வர்ட் மெலன்பி அதை நம்பவில்லை. அவரும் எடுத்துக்கொண்டது நாய்க்குட்டிகளைத்தான். ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, கொஞ்சம் பால்... ஏறக்குறைய ஏழை வீட்டுச் சாப்பாடு! சில மாதங்களில் குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ். அதே சாப்பாட்டில் மீன் எண்ணெய் சேர்த்தபோது நோய் கிட்டவே வரவில்லை. ஆளிவிதை எண்ணெயோ சல்லிக்காசுக்குப் பிரயோஜனப்படவில்லை. 1919-ல் முடிவுகளை வெளியிட்டார். எண்ணெயில் ஒளிந்திருந்த அந்தச் சமாசாரம் தனிப் பொருள் என்பதை 1922-ல் அமெரிக்காவின் மெக்கோலம் நிரூபித்தார். பெயர் வைட்டமின் டி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெலன்பியின் குட்டிகள் வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை. வெயில் பட்டால் நம் தோலில் வைட்டமின் டி தானாக உருவாகும். அப்படியென்றால் நோய்க்குக் காரணம் சாப்பாடா, வெயில் இல்லாததா? 'மெலன்பி கோட்டை விட்டுவிட்டார்' என்று பல காலம் பேசினார்கள். 1994-ல் ஹாலந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து விடை வந்தது. நாயின் தோல் அந்த வேலையைக் கிட்டத்தட்ட செய்வதே இல்லை! நாளெல்லாம் வெயிலில் படுத்தாலும், அதற்கு வேண்டிய டி தட்டிலிருந்துதான் வரவேண்டும். மனுஷர் தெரிந்தா நாயைத் தேர்ந்தெடுத்தார்? அதிர்ஷ்டம்!

மெலன்பி இன்னொன்றையும் கவனித்தார். மெல்ல வளர்கிற குட்டியைவிட மளமளவென்று வளர்கிற குட்டியைத்தான் நோய் சீக்கிரம் பிடித்தது. அப்போது இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பட்டினிதான் அன்றைய பிரச்னை.

பிறகு காலம் மாறியது. சத்து சேர்த்த தீனி பாக்கெட் பாக்கெட்டாகக் கடைக்கு வந்தது. மேல்நாட்டு நாய்களுக்குக் குறை என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் காலைத் தாங்கித் தாங்கி நடந்தன!

கிரேட் டேன் நாயைப் பார்த்திருப்பீர்கள், கன்றுக்குட்டி சைஸ். பிறக்கும்போது அரைக் கிலோ சொச்சம், ஒரு வருஷத்தில் ஐம்பது கிலோ. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு கோஷ்டி டேன் குட்டிகளுக்கு சத்தான தீனியை இஷ்டப்படி தின்ன விட்டார்கள். இன்னொரு கோஷ்டிக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான். 1974-ல் முடிவு வெளியானது. மூக்குப்பிடிக்கத் தின்றவை வேகமாக வளர்ந்தன, எலும்பும் மூட்டும் கோணிக்கொண்டன. அளவாகத் தின்றவை தப்பித்தன.

சரி, கால்சியம்? யூட்ரெக்டில் அதையும் டேன் குட்டிகளிடமே சோதித்து 1985-ல் சொன்னார்கள். பெரிய நாயின் குடல், உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். சின்னக் குட்டிக்கு அந்த சாமர்த்தியம் இன்னும் வந்திருக்காது. கொடுத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எலும்பு வளர்ச்சி தாறுமாறாகும். ஏற்கெனவே கால்சியம் சேர்த்த தீனிக்கு மேலே டானிக்கையும் ஊற்றினால் என்ன ஆகும்? எங்கள் தெருக் குட்டியை நினைத்துக்கொண்டேன்.

கடைசி சாட்சி, லாப்ரடார்கள். 1987-ல் அமெரிக்காவில் 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்று தின்பதைவிட மற்றதற்கு 25 சதவிகிதம் குறைவு. தீனி அதே தீனிதான். எட்டு வாரக் குட்டியில் ஆரம்பித்து சாகும் வரை இப்படியே! 2002-ல் கணக்கை வெளியிட்டார்கள். நிறையத் தின்ற கோஷ்டியில் பாதி நாய்கள் 11.2 வயதுக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. குறைவாகத் தின்ற கோஷ்டியில் அந்தக் கணக்கு 13 வயது. மூட்டுவலியும் இவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. செலவைக் குறைத்தால் லாபம் கூடுகிற இப்படி ஒரு பிசினஸை பி.காம். படித்தபோது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை! இதில் பெரிய தமாஷ், ஆராய்ச்சியை நடத்தியதே பூரினா என்கிற நாய்த் தீனி கம்பெனி!

ஒருநாள் தெருக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு கால்நடை டாக்டரும் அதையே சொல்ல, டானிக்கை நிறுத்தினார். தட்டில் அளவு குறைந்தது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் மட்டும் கைக்குத் தட்டுப்படுகிற பதத்துக்குக் குட்டி வந்தது. இப்போது மாடிப்படி ஏறுகிறது.

என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது. யார் போட்டுக்கொடுத்தது என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ!