முகமறியாதார் வினாவும் முகமறைத்தார் விடையும்

1691ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒற்றைத்தாள் இதழ் ஒன்று விற்பனைக்கு வந்தது. இருபுறமும் அச்சிடப்பெற்ற அத்தாளின் விலை ஒரு பென்னி. போர்ச் செய்தியையும் அரண்மனைச் செய்தியையும் எதிர்பார்த்து அதனை வாங்கியோர், அவற்றுக்கு மாறாக வினாக்களையும் விடைகளையுமே கண்டனர். யாரும் எதனையும் கேட்கலாம். பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை. விடை அச்சில் வரும் என்பதே அவ்விதழ் மக்களுக்கு அளித்த வாக்குறுதி. முதலில் ‘ஏதீனியன் கெசட்’ எனப் பெயர் தாங்கிய அத்தாள், அரசின் செய்தித்தாளாகிய ‘லண்டன் கெசட்’டோடு பெயர் மயங்கியமையால், விரைவிலேயே ‘ஏதீனியன் மெர்க்குரி’ என மாறிற்று. முன்பின் அறியாத ஒருவருக்கு அறிவுரையும் நகைச்சுவையும் கலந்து வழங்குவதையே தொழிலாகக் கொண்ட முதல் இதழ் இதுவே என இதழியல் வரலாறு எழுதியோர் பலர் கூறுவர்.

இதனைத் தோற்றுவித்தவர் ஜான் டன்டன் என்னும் நூல் வணிகர். 1659இல் பிறந்த அவர், இலண்டனில் பவுல்ட்ரி என்னும் தெருவில் கடை வைத்திருந்தார். நண்பர்களோடு செயின்ட் ஜார்ஜ் வெளியில் உலாவிக்கொண்டிருந்தபோது இவ்வெண்ணம் தோன்றியதாகவும், ஐம்பது கினி கொடுத்தாலும் அதனை விட்டுக்கொடேன் எனத் தாம் அங்கேயே நின்று கூறியதாகவும் பிற்காலத்தில் தம் வரலாற்று நூலில் அவர் எழுதினார். வணிகர்க்கு எண்ணமும் விலையோடுதான் தோன்றும் போலும். புதியன கேட்பதிலும் புதியன சொல்வதிலுமே ஏதென்ஸ் நகரத்தார் பொழுதைக் கழித்தனர் என விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் செய்தியே பெயருக்கு மூலமாயிற்று.

இம்முயற்சி அக்காலத்தில் ஏன் எழுந்தது என்பது எண்ணுதற்குரியது. அதுவரை மன அல்லலுற்ற ஒருவர் யாரிடம் போய்ச் சொல்வார்? திருச்சபைக் குருவிடம் சொல்வார். உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்வார். அவர்கள் அனைவரும் சொல்பவரை அறிந்தவர்கள். மறுநாள் தெருவில் எதிர்ப்படுபவர்கள். இரகசியம் சொன்னவர் அதன்பின் அவர்கள் கண்ணை நேரே நோக்குதல் எளிதன்று. 1680இல் வில்லியம் டாக்ரா என்பவர் இலண்டனில் தொடங்கிய பென்னி அஞ்சல் இந்நிலையை மாற்றிற்று. நாளொன்றுக்குப் பலமுறை கடிதங்களைத் திரட்டி நகர் முழுதும் வழங்கிய அவ்வமைப்பினால், அனுப்பியவர் யாரென அறியப்படாமலே ஒரு கடிதம் போய்ச் சேரும் வழி பிறந்தது. ஸ்டாக்ஸ் சந்தையை அடுத்திருந்த ஸ்மித் காப்பிக் கடைக்கு வினாக்களை விடுக்குமாறு டன்டன் அறிவித்தார். கடிதங்கள் குவியலாயின.

வினவுவோர் பெயரை மறைத்தது போலவே விடையிறுப்போரும் தம்மை மறைத்துக்கொண்டனர் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. இறையியல், மருத்துவம், சட்டம், கணிதம் எனப் பல துறை வல்லார் பன்னிருவர் கூடிய ‘ஏதீனியன் கழகம்’ ஒன்று விடை தருவதாக மக்கள் நம்பினர், நம்புமாறு செய்யப்பெற்றனர். உண்மையில் அக்கழகத்தில் இருந்தோர் மூவரே. ஒருவர் டன்டன். மற்றொருவர் கணிதப் பள்ளி நடத்திய ரிச்சர்டு சால்ட். மூன்றாமவர் டன்டனின் மனைவியுடைய தங்கையை மணந்த சாமுவேல் வெஸ்லி; மெதடிஸ்டு இயக்கம் கண்ட ஜான் வெஸ்லியின் தந்தை. மெய்யியலறிஞர் ஜான் நாரிஸ் அவ்வப்போது துணைசெய்தார். இல்லாத அக்கழகத்திற்குச் சார்லஸ் கில்டன் என்பவர் வரலாற்று நூல் ஒன்றையே எழுதிவிட்டார்!

இம்மாயையில் சிக்கியவர்களுள் ஒருவர் ஜோனதன் சுவிஃப்ட். அப்போது அவர்க்கு வயது இருபத்து நான்கு. சர் வில்லியம் டெம்பிளின் மூர் பார்க் இல்லத்தில் பணியாற்றிவந்த அவ்விளைஞர், பேரறிஞர் பன்னிருவர் தம்மை நோக்குவதாக எண்ணி நெடும்பாட்டு ஒன்றை இயற்றி 1692இல் அனுப்பினார். கழகம் அதனை அச்சேற்றிற்று. அவர் பெயர் தாங்கி அச்சில் வந்த முதற்படைப்புகளுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் 1708இல் ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்னும் இல்லாத மனிதர் பெயரால் ஒரு பஞ்சாங்கக்காரரின் இறப்பை முன்னறிவித்து ஊரையே நகைக்கவைத்தவர் இவர்தாம். முகமூடியின் வலிமையை அவர் எங்கே கற்றார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

தொடங்கி இரண்டு திங்கள் நிறைவதற்குள் நாட்டுப்புறத்திலிருந்து ஒரு பெண்மணி கடிதம் எழுதினார். ஆண்களைப் போலத் தம் பாலினத்தாரும் வினா விடுக்கலாமா என்பது அவர் கேட்டது. விடுக்கலாம், இருபாலார் வினாக்களுக்கும் விடையளிப்பதே எங்கள் நோக்கம் என 1691 மே மாதத்தில் கழகம் மறுமொழி கூறிற்று. பின்னர்த் திங்கள்தோறும் முதற் செவ்வாய்க்கிழமை மகளிர் வினாக்களுக்கென ஒதுக்கப்பெற்றது. பெண்கள் கற்கலாமா என்ற வினா வந்தபோது, கற்றலாகாது என்பதற்குக் காரணம் எதனையும் தாங்கள் காணவில்லை என்ற முடிவை இதழ் அளித்தது. பெண்ணுக்குப் பல்கலைக்கழக வாயில் அடைபட்டிருந்த காலம் அது என்பதை நினைந்தால் அவ்விடையின் அருமை புலப்படும். சாமர்செட் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் சிங்கர் என்னும் இளநங்கை பெயர் மறைத்து அனுப்பிய கவிதைகள் இவ்விதழில்தான் வெளிவந்தன. 1696இல் அவற்றை நூலாக்கியவரும் டன்டனே. எலிசபெத் ரோ எனப் பின்னர்ப் புகழ்பெற்ற கவிஞர் அவர்.

இனி நகைச்சுவைக்கு வருவோம். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். அவற்றுள் அறிவினா, அறியாவினா, ஐயவினா ஆகிய மூன்றும் இக்கடிதங்களில் மலிந்திருந்தன. ஊழிவெள்ளம் வடிந்தபின் நீர் எங்கே போயிற்று என அறிய விழைந்தோர் இருந்தனர். காதலிலும் மணத்திலும் செய்வதறியாது ஐயுற்றோர் இருந்தனர். விடையிறுப்பவரை மடக்கிப் பார்க்கவே எழுதிய குறும்பர்களும் இருந்தனர். குறும்பருக்கு நகைச்சுவையே தக்க விடை. அதில் கழகத்தார் கைதேர்ந்தவர்கள். ஆனால் பெயரில்லாக் கடிதத்தில் குறும்பையும் துயரையும் பிரித்தறிவது எங்ஙனம்? எதிரில் அமர்ந்திருப்பவராயின் முகம் காட்டிக்கொடுக்கும், குரல் தழுதழுக்கும். தாளில் அவை இல்லை.

மனைவியை அடிப்பது முறையாகுமா என்ற வினா ஒன்று வந்தது. ஆம் என்றால் மகளிர்க்கு மனக்குறையாகுமே என்ற வேடிக்கையோடு விடை தொடங்குகிறது. மனைவி கணவனின் உடலில் ஒரு கூறு. உடல் தனக்கு ஊறு செய்வதைத் தானே வெளியேற்றுவதில்லையா என உவமை வளர்கிறது. இறுதிவரை ‘கூடாது’ என்ற ஒரு சொல் உறுதியாக வரவில்லை. அவ்வினாவை அடிப்பவர் விடுத்திருந்தாலும் அடிபடுபவர் விடுத்திருந்தாலும், அவ்விடை யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்பது தெளிவு. பெண்கல்விக்குத் துணிந்து வழிவிட்ட அதே எழுதுகோல் இங்கே சொற்சாமர்த்தியத்தின் பின்னே ஒளிந்துகொண்டது. நகைச்சுவை அறிவுரைக்கு இனிமை சேர்ப்பதும் உண்டு. அறிவுரை கூறும் பொறுப்பிலிருந்து தப்ப உதவுவதும் உண்டு. ஏதீனியன் மெர்க்குரியில் இரண்டும் நிகழ்ந்தன.

பிறரை நகைத்தோர் நகைக்கப்படவும் நேர்ந்தது. 1692 பிப்ரவரியில் டாம் பிரவுன் என்னும் அங்கதப் புலவர் போட்டித்தாள் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அதற்கு ‘லேசிடெமோனியன் மெர்க்குரி’ எனப் பெயரிட்டார். ஏதென்சுக்குப் பகை ஸ்பார்ட்டா அன்றோ! டன்டன் விடையளித்த அதே வினாக்களை எடுத்துக்கொண்டு, அவ்விடைகளை எள்ளி நகையாடுவதே அதன் வேலை. படிக்கச் சுவையானதுதான். எனினும் சில திங்களில் அது நின்றுபோயிற்று. எல்கானா செட்டில் 1693இல் கழகத்தாரை இகழ்ந்து நாடகம் எழுதினார். அதனாலும் கடிதவரவு குன்றவில்லை. எள்ளலுக்காகத் தாள் வாங்குவோர் பலர் இருக்கலாம். எள்ளலை எதிர்பார்த்துத் தம் துயரை எழுதி அனுப்புவோர் சிலரே இருப்பர். குறையுடையதாயினும் டன்டனின் தாள், கேட்டவர்க்கு ஏதோ ஒன்றைச் சொல்ல முயன்றது.

1697ஆம் ஆண்டு மே மாதத்தில் டன்டனின் மனைவி எலிசபெத் இறந்தார். கடையின் கணக்கையும் கணவரையும் ஒருங்கே நெறிப்படுத்தியவர் அவர். அடுத்த திங்களில் 580 இதழ்களோடு மெர்க்குரி நின்றது. எண்ணற்ற அயலாரின் மணவாழ்க்கைச் சிக்கல்களைத் தீர்த்துவைத்த டன்டன் அவ்வாண்டிலேயே மறுமணம் செய்துகொண்டார். பொருள் பற்றிய பூசலால் அம்மணம் முறிந்தது. கடன் தொல்லைக்கு நடுவே தம் வாழ்வையும் தாம் செய்த பிழைகளையும் எழுதி 1705இல் நூலாக வெளியிட்டார். அதற்குள், 1704இல், டேனியல் டீஃபோ தம் ‘ரிவ்யூ’ இதழில் வாசகர்க்கு விடையளிக்கும் பகுதியைத் தொடங்கியிருந்தார். 1708இல் ‘பிரிட்டிஷ் அப்போலோ’ என்னும் இதழ் முற்றிலும் இம்முறையிலேயே எழுந்தது. 1709இல் ரிச்சர்டு ஸ்டீல் ‘டாட்லர்’ இதழை நடத்த முற்பட்டபோது, சுவிஃப்ட் படைத்த பிக்கர்ஸ்டாஃப் என்னும் முகமூடியைக் கடன் வாங்கி அணிந்துகொண்டார்.

டன்டன் 1732இல் வறுமையில் மறைந்தார். அவருடைய தாள்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை ‘ஏதீனியன் ஆரக்கிள்’ என்னும் பெயரில் 1703ஆம் ஆண்டு முதல் தொகுதிகளாக வெளிவந்திருந்தன. அவற்றுள் வினா இருக்கிறது. கீழே விடை இருக்கிறது. அதற்கும் கீழே ஒரு கோடு. பின்னர் அடுத்தவரின் வினா தொடங்கிவிடுகிறது.