55 பேரை விட்டுட்டுப் பறந்த விமானம்

டெல்லியில் தம்பி வீட்டுக்குப் போகும் அம்மாவை விமானம் ஏற்றிவிட, மல்லேஸ்வரத்திலிருந்து தேவனஹள்ளிக்குக் கார் ஓட்டும்போதெல்லாம் 2023 ஜனவரி 9 ஞாபகம் வரும். (அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான்.)

அன்று காலை பெங்களூரிலிருந்து டெல்லிக்கு கோ ஃபர்ஸ்ட் விமானம் கிளம்பிவிட்டது. போர்டிங் பாஸும் கையுமாக 55 பேர் கீழே பஸ்ஸில் நிற்கிறார்கள்!

பைலட் எழுந்து வந்து தலை எண்ணுவதில்லைங்க. எத்தனை பேர், எவ்வளவு எடை என்பதெல்லாம் லோட் ஷீட் என்ற காகிதத்தில் அவர் கைக்கு வரும். ஆளுக்கு 70 கிலோ என்றாலும் 55 பேருக்கு 3,850 கிலோ. எங்கள் பேங்கில் 55 ரூபாய் இடித்தாலே கேஷ் டேலி ஆகும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது!

டெர்மினல் ஒருங்கிணைப்பாளர், வணிகப் பிரிவு ஊழியர்கள், விமானக் குழுவினர் இவர்களுக்குள் தகவல் தொடர்பு சரியில்லை என்று சொல்லி டி.ஜி.சி.ஏ. 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. விட்டுப்போனவர்களுக்கு, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த இலவச டிக்கெட் தருவதாக கம்பெனி அறிவித்தது. அதே மே மாதம் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டது :-)

இப்போதெல்லாம் "சீட்ல உக்காந்துட்டேன்டா" என்று அம்மா போனில் சொன்ன பிறகுதான் பார்க்கிங்கிலிருந்து காரை எடுக்கிறேன்.