இரைப்பை லிம்போமா: திசுத்துணுக்குப் பரிசோதனை

இரைப்பையின் சுவரில் நிணநீர் அணுக்களிலிருந்து தோன்றும் புற்றுவியாதி இரைப்பை லிம்போமா எனப்படும். எண்டோஸ்கோப்பின் வழியே இறக்கும் இடுக்கி கிள்ளியெடுக்கும், சில மில்லிமீட்டரே உள்ள துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இது நிர்ணயிக்கப்படுகிறது.

பாசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-இல் செய்துகாட்டிய, வளையக்கூடிய கண்ணாடியிழை எண்டோஸ்கோப் நாளடைவில் மருத்துவசாலைகளில் பரவும் வரையில், இரைப்பையை அறுத்தெடுத்த பின்னரே இவ்வியாதியின் ஸ்வரூபம் பெரும்பாலும் தெரியவந்தது. முழு உறுப்பும் கையிலிருந்தபோதுகூட, சிறிய அணுக்கள் அடர்ந்து, நெடுங்காலம் ஓரிடத்திலேயே தங்கி, நோயாளியை விரைவில் மாய்க்காத கட்டிகளைக் கண்ட நிபுணர்கள், அவற்றை அழற்சியின் விளைவென்றே கருதிப் ‘போலி லிம்போமா’ என்று பெயரிட்டனர். அவற்றுள் பெரும்பாலானவை மெய்யான லிம்போமாக்களே. பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும், சளிச்சவ்வைச் சார்ந்த நிணநீர்த் திசுவினின்று எழும் ‘மால்ட்’ லிம்போமாவை 1983-இல் தனி வகையாக வகுத்த பின்னரே இக்குழப்பம் தெளியலாயிற்று. ஆரோக்கியமான இரைப்பையில் அத்தகைய திசு இல்லையே என்னும் ஆட்சேபம் நியாயமானதுதான். ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் கிருமியால் நாட்பட்ட அழற்சி உண்டாகும்போது அத்திசு புதிதாய் உருவாகிறது என்பதே அதற்கு விடை. 1991-இல் வதர்ஸ்பூன் குழுவினர் ஆராய்ந்த 110 நோயாளிகளில் 92 சதவீதத்தினரிடம் இக்கிருமி காணப்பட்டது. 1993-இல், கிருமியை ஒழிக்கும் மருந்துகளை மட்டுமே பெற்ற 6 பேரில் 5 பேருக்குப் புற்றே மறைந்தது. வைத்திய சரித்திரத்தில் இஃது அபூர்வமான சம்பவம்.

துணுக்கில் முதலில் கவனிக்க வேண்டியது சுரப்பிகளின் நிலை. அழற்சியிலும் நிணநீர் அணுக்கள் திரளும். ஆனால் ஒரே சாயலுள்ள சிறிய பி அணுக்கள் சுரப்பியின் எபிதீலியத் திசுவுக்குள் கூட்டமாய்ப் புகுந்து அதனைச் சிதைத்திருப்பின், அதுவே மால்ட் லிம்போமாவின் முக்கியமான லட்சணம். துணுக்கில் காண்பது அழற்சியா லிம்போமாவா என மதிப்பிடும் வதர்ஸ்பூன் அளவுகோல் 0 முதல் 5 வரை செல்லும். 5 லிம்போமா, 3-உம் 4-உம் சந்தேக நிலைகள். இடுக்கியில் நசுங்கிய துணுக்கில் அணுக்களின் வடிவம் குலைந்துவிடும், மேற்பரப்பை மட்டும் கிள்ளினால் ஆழத்திலுள்ள வியாதி தப்பிவிடும். ஆகையால் புண்ணிலும், இயல்பாய்த் தோன்றும் இடங்களிலுமாகக் குறைந்தது 10 துணுக்குகளேனும் எடுப்பது உசிதம். பெரிய அணுக்கள் பாளமாய் நிறைந்திருந்தால் அது தீவிர வகை. அதற்குச் சிகிச்சையும் வேறு.

பி அணுக்களை இனங்காட்டும் சிடி20 முதலிய சாயப் பரிசோதனைகளும், 11, 18-ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் தம்முள் இடம் மாறியிருப்பதை அறியும் சோதனையும் இப்போது வழக்கில் உள்ளன. இம்மாற்றம் உடையவர்களுக்குக் கிருமியொழிப்பு பெரும்பாலும் பலிப்பதில்லை.