ஓரிக்கு எத்தனை புள்ளி?

வல்வில் ஓரியின் அம்பு ஒரு யானையைச் சாய்த்து, புலியின் வாய்க்குள் புகுந்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பின்மேல் போய்த் தைத்தது. புறநானூறு 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் சேதி இது. பள்ளிப் பாடமாக, மேடை முழக்கமாக, கொல்லிமலைச் செம்மேட்டில் சிலையாக, ஆடிப்பெருக்கை ஒட்டி வருஷாவருஷம் நடக்கும் அரசு விழாவாக இந்த அம்பை நாம் பலமுறை பார்த்தாகிவிட்டது. அதே அம்பை ஒரு மேசை விளையாட்டின் விதியாக எழுதிப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. 'வரலாறு எழுதச் சொன்னால் விளையாட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறானே' என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டு மேலே படிக்கட்டும்.

முதலில் அது என்ன விளையாட்டு என்று சொல்லிவிட வேண்டும். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'நீ காட்டில் போகிறாய், எதிரே யானை நிற்கிறது, என்ன செய்கிறாய்?' என்று நடத்துபவர் கேட்பார். ஆடுபவர் அந்தப் பாத்திரமாகவே வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைக் காய் உருட்டித் தெரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதன் பலம், பலவீனம், உயிர் எல்லாம் அந்தத் தாளில் எண்களாக இருக்கும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974ல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதன் தொடக்கம். அதற்கும் பாட்டன் ஒருவன் உண்டு. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824ல் வெளியிட்ட போர் விளையாட்டு அது. நிஜப் படையை நகர்த்துமுன் மேசைமேல் நகர்த்திப் பார்க்க, ஒரு வேட்டுக்கு எத்தனை பேர் விழுவார்கள் என்று கணக்குப்போட, அதிகாரிகளுக்காகச் செய்தது. பாத்திரத் தாளில் இன்றும் இருக்கும் 'உயிர்ப் புள்ளி' அந்தக் கணக்கின் பேரப்பிள்ளை. தெருக்கூத்தும் தாயக்கட்டையும் நமக்குப் புதிதல்ல. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டது மட்டும்தான் புதிது.

ஏற்கெனவே இருக்கிற ஒரு சாகச நாயகனை இந்தத் தாளுக்குள் எப்படிக் கொண்டுவருவது? நம் தலைமுறைக்கு இரும்புக்கை மாயாவியை வைத்துச் சொன்னால் புரியும். 1972ல் சிவகாசி முத்து காமிக்ஸ் நமக்கு இறக்குமதி செய்து கொடுத்த பிரிட்டிஷ்காரர் அவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. இதில் ஒரு சக்தி, ஒரு நிபந்தனை, ஒரு குறை மூன்றும் இருக்கின்றன. நாயகனை விளையாட்டுக்குள் கொண்டுவருவது என்றால் இந்த மூன்றையும் பிரித்து எழுதுவதுதான். 1981ல் வந்த 'சாம்பியன்ஸ்' விளையாட்டில் ஒவ்வொரு சக்திக்கும் விலை உண்டு; குறைகளை ஏற்றுக்கொண்டால் கூடுதல் புள்ளி கிடைக்கும். 1984ல் வந்த 'மார்வல் சூப்பர் ஹீரோஸ்' வேறு வழியில் போயிற்று. சண்டை, சுறுசுறுப்பு, பலம், தாங்குசக்தி, பகுத்தறிவு, உள்ளுணர்வு, மனவலிமை என்று ஏழு தகுதிகள். (பகுத்தறிவுக்குப் புள்ளி போடுகிற விளையாட்டு தமிழ்நாட்டில் எடுபட்டிருக்க வேண்டும், ஏனோ எடுபடவில்லை.) ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு ஒரு அடைமொழியும் உண்டு. 6 என்றால் 'டிபிக்கல்', 30 என்றால் 'ரிமார்க்கபிள்', 75 என்றால் 'மான்ஸ்ட்ரஸ்'. புலவன் வேலையை அட்டவணை செய்கிறது.

இதில் ஒரு வன்முறை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 1980ல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகம் இந்திரன், அக்னி, காளி, கார்த்திகேயன் எல்லோருக்கும் உயிர்ப் புள்ளி போட்டு வரிசையாக நிறுத்தியது. இத்தனை அடி அடித்தால் காளி சாவாள். அதற்கெல்லாம் முன்பே எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை எடுத்துக்கொண்டு தென்னிந்திய மூக்குகளை அளந்தவர். 1909ல் ஏழு தொகுதியாக நம் எல்லோரையும் அகரவரிசையில் அடுக்கியவர். எண்ணாக்குவது ஆள்வதற்கான வேலை, சரி. ஆனால் இதைச் சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவது நம் சிறுபத்திரிகைப் பழக்கம். எண்ணாக்கும்போது எது எண்ணுக்குள் வராமல் முரண்டு பிடிக்கிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓரியின் அம்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு விலங்குக்கு ஒரு உருட்டு என்று வைத்தால், பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஐந்தும் விழ 32ல் ஒரு தடவைதான் முடியும். பத்துக்கு ஒன்பது வாய்ப்பு கொடுத்தாலும் நூற்றுக்கு 59 தடவைதான். நிச்சயம் விழ வேண்டுமென்றால் உருட்டாமலே 'ஓரி எய்தால் ஐந்தும் விழும்' என்று சக்தியாக எழுதிவிட வேண்டும். அப்படி எழுதிய நிமிஷமே ஒரு தந்திரம் நடந்துவிடுகிறது. பாட்டில் அது ஒருநாள் காட்டில் நடந்த ஒன்று. தாளில் அது எப்போதும் அவனிடம் இருக்கிற ஒன்று. நடந்ததை இருப்பதாக மாற்றுவது. சிலை செய்வதும் இதையேதான். என்ன, சிலையில் விதி எழுத்தில் இல்லாததால் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

பாட்டு இன்னொன்றும் சொல்கிறது. அம்பைவிட எனக்கு அதுதான் முக்கியம். கூத்தர் கூட்டம் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறது. இவன் வெறும் வேட்டுவனா, ஓரியேதானா என்று புலவருக்குச் சந்தேகம். பாடுகிறார்கள். பாட்டில் அரசன் என்ற சொல் வந்ததும் அது தன்னைக் குறிப்பதால் அவன் நாணுகிறான். வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லுமுன்பே இறைச்சி, மது, தன் மலையின் பொன், மணி என்று அள்ளிக் கொடுத்துவிடுகிறான். 'சாம்பியன்ஸ்' விளையாட்டில் அடையாளத்தை மறைத்து வாழ்வது ஒரு குறை. அதற்குப் புள்ளி தருவார்கள். எதிரி கண்டுபிடித்துவிடுவான் என்ற பயம்தான் அந்த மறைப்புக்குக் காரணம். ஓரிக்குப் பயமில்லை, கூச்சம். பெரிய ஆள் என்று தெரிந்துவிட்டதே என்ற கூச்சத்துக்கு எந்த விளையாட்டிலும் நான் கட்டம் பார்த்ததில்லை. கட்-அவுட் வைத்துப் பழகிய நம் ஊரிலும் பார்த்ததில்லை.

கொடையும் எப்போதும் பலித்துவிடவில்லை. 204ஆம் பாட்டில் கழைதின் யானையார் ஓரியிடமே சொல்கிறார்: வள்ளலைத் தேடிப்போய்க் கிடைக்காதவர்கள் சகுனத்தையும் புறப்பட்ட நேரத்தையும்தான் நொந்துகொள்வார்கள், வள்ளலை அல்ல, உன்மேல் எனக்கு வருத்தமில்லை, நீ வாழ்க. விளையாட்டு மொழியில் சொன்னால் காய் சரியாக விழவில்லை. ஐந்து விலங்கைத் துளைத்தவன் ஒருநாள் கொடுக்கத் தவறியிருக்கிறான். இதைச் சிலையின் பீடத்தில் பொறிப்பார்களா?

இனிக் காரி. திருக்கோவலூர் மலையமான் திருமுடிக் காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு 209. சிறுபாணாற்றுப்படையோ காரி என்ற குதிரை ஏறிய காரியோடு ஓரி என்ற குதிரை ஏறிய ஓரி போரிட்டதைச் சொல்லிவிட்டு, இரண்டு பேரையும் ஒரே வள்ளல் பட்டியலில் வைக்கிறது. கொன்றவனும் கடையெழு வள்ளல், செத்தவனும் கடையெழு வள்ளல்.

மார்வல் விளையாட்டில் 'கர்மா' என்று ஒரு கணக்கு இருக்கிறது (சொல் நம்முடையது, கணக்கு அவர்களுடையது). ஆளைக் காப்பாற்றினால் கர்மா ஏறும், தானதர்மம் செய்தாலும் ஏறும். நாயகன் ஒரு உயிரைக் கொன்றுவிட்டால் சேர்த்துவைத்த கர்மா முழுவதும் பூஜ்யம். 1954ல் அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதி, ஒவ்வொரு கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும் என்றது. கொல்லாத நாயகன் அந்த வளர்ப்பில் வந்தவன் என்றே நினைக்கிறேன். காரியை இந்தத் தாளில் ஏற்றினால் அவன் ஒரே இரவில் பாப்பராகிவிடுவான். சங்கப் பிரதிகளில் அவன் கணக்கு குறையவே இல்லை. கொல்வதும் கொடுப்பதும் அங்கே ஒரே கையின் வேலை; கொன்றதிலிருந்துதான் கொடுக்க முடிந்தது. ஓரி கொடுத்தது வேட்டை இறைச்சி, காரி கொடுத்தது இன்னொருவன் மலை. 'வள்ளல்' என்ற சொல்லுக்குள் இருக்கும் இந்த ரத்தத்தை ஆண்டாண்டு காலப் புலவர் உரைகளைவிட ஒரு அமெரிக்க அட்டவணை எனக்குச் சீக்கிரம் காட்டிவிட்டது. நமக்கு இது சங்கடம்தான்.

இந்தத் தாளையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் அரியூர் நாட்டுக்குப் போயிருந்தேன். கொல்லிமலையில் 'நாடு' என்றால் ராஜ்ஜியம் இல்லை; சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டம். மலை முழுக்க இப்படிப் பல நாடுகள். இங்கே வாழும் மக்கள் மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்பவர்கள்). காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து மூன்று மலைகளுக்குப் பிரிந்ததாக இவர்களுடைய பூர்வகதை. பத்துப் பக்கக் காய் கிடைக்கவில்லை. பத்துப் புளியங்கொட்டையில் 0 முதல் 9 வரை எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். மூன்று இளைஞர்கள், அதில் ஒருவர் மரவள்ளிக்கிழங்கு லோடு அடிப்பவர். அடைமொழிகளையும் அவர்களே மாற்றிவிட்டார்கள்: சுமார், பரவால்ல, நல்லா, பிரமாதம், பயங்கரம். ஓரியின் வில்லுக்கு ஏகமனதாகப் 'பயங்கரம்'.

யார் ஓரியாக ஆடுவது என்று கேட்டதும் அமைதி. அப்புறம் லோடு அடிப்பவர் கேட்டார்:

"எங்க பாட்டனுங்க காஞ்சிபுரத்துலருந்து வந்தாங்கன்னு சொல்றாங்க சார். அப்ப ஓரி எங்க ஆளா, எங்களுக்கு முன்னாடி இருந்த ஆளா?"

இன்னொருவர்: "விழாவுல நம்ம மன்னர்னுதானே மைக்குல சொல்றாங்க."

"மைக்குல சொல்றவரு கீழருந்து வந்தவரு."

இந்த இடத்தில் என் கோட்பாட்டுப் பையில் சரக்கு இல்லை. சங்கப் பிரதியின் ஓரி தமிழ்ப் பெருமிதத்தின் ஓரியாகி, அரசு விழாவின் ஓரியாகி மலையேறி வந்திருக்கிறான். இந்த மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை வேறு. அரசு இவர்களைப் பற்றி எழுதியிருக்கும் தாளோ இன்னும் வேறு. 1976ல் திருத்தப்பட்ட பழங்குடிப் பட்டியலில் மலையாளிகள் மாவட்டம் சொல்லித்தான் இடம் பெறுகிறார்கள். சேலம் உண்டு, திருச்சி உண்டு, அன்றைய கோவை இல்லை. அதனால் கொல்லிமலைக்காரர் பழங்குடி. ஈரோட்டு மலைகளில் இருக்கும் அதே மலையாளி அதைக் கேட்டு நெடுங்காலமாகப் போராடுகிறார். பாத்திரத் தாளை யார் நிரப்புகிறார்கள் என்பது இங்கே விளையாட்டு விஷயம் இல்லை.

கொல்லிப்பாவையை ஆடலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. எட்டுக்கை அம்மன்தான் பாவை என்று நம்புகிறவர்கள் உண்டு. 'அம்மாவுக்கெல்லாம் புள்ளி போடக்கூடாது' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். சரிதான். 1980ல் அந்த அமெரிக்கப் புத்தகக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

கடைசியில் ஓரியாக யாரும் ஆடவில்லை. ஓரியைக் கதை நடத்துபவனிடமே, அதாவது என்னிடமே விட்டுவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பாத்திரங்கள் மூன்று. ஒருவர், அந்த யானையை அறுத்துச் சுமந்தவர். இன்னொருவர், ஓரியைக் கொன்றபின் காரி நுழைந்த தெருவில் நின்றவர். அந்தத் தெருவின் கூச்சல் நற்றிணை 320ல் கபிலர் பாட்டில் ஒரு உவமையாக மட்டும் தங்கியிருக்கிறது. கத்தியவர்கள் யார், என்ன கத்தினார்கள் என்று பாட்டுக்குக் கவலை இல்லை. லோடு அடிப்பவர் எடுத்துக்கொண்டது கூத்தர். ஓரி சிறு மலைகள் சூழ்ந்த நல்ல நாட்டைக் கூத்தர்களுக்குக் கொடுத்தான் என்று சிறுபாணாற்றுப்படையில் வருவதை நான் சொன்னதும், "அப்ப எனக்கு நெலம் இருக்குதுல்ல?" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் ஓரி செத்த மறுநாளில் தொடங்கியது. மலை கைமாறிவிட்டது. ஓரி கொடுத்த நிலம் கூத்தருக்குச் செல்லுமா செல்லாதா? பாட்டுகளில் பதில் இல்லாத கேள்வி. அவர் சேரன் ஆளிடம் வாதாடினார். கொடுத்தவன் செத்தாலும் கொடுத்தது சாகுமா, நான் பாடித்தானே உங்க காரிக்கும் பேரு என்று நல்ல வாதம். அறுபதுக்கு மேல் விழுந்தால் நிலம் தங்கும் என்று விதி வைத்தேன். டப்பாவைக் குலுக்கி இரண்டு கொட்டை எடுத்தார். நான்கு, ஏழு.

"நாப்பத்தேழா? சரி, போச்சு. ஆனா நான் எந்திரிக்கல, இங்கியேதான் உக்காந்திருக்கேன். இப்ப அந்த சேரன் ஆளு என்ன பண்றான், சொல்லுங்க சார்."